கை படாத சரக்கு

“டமார்!”

கடையின் இரும்பு ஷட்டர் அறுந்து விழுந்துவிட்டது என்றுதான் வளையக்கா நினைத்தாள். மின்விசிறி ஒரு பெருமூச்சோடு நின்றது. குழல்விளக்குகள் அணைந்தன. கையில் இருந்த தேநீரில் பாதி மடியில் கொட்டியது, மீதி மேசையில் ஓடியது. பகல் வேளையாக இருந்ததால் வாசல் வெளிச்சமாவது மிஞ்சியது.

அடுத்து வந்தது நாற்றம். வார்னிஷ் கருகும் வாடை அவளுக்குப் புதிதல்ல. ட்ரான்ஸ்ஃபார்மர் விற்கிறவள் அதற்கு முகம் சுளித்தால் பிழைப்பு நடக்காது. ஆனால் இதற்கு அடியில் இன்னொரு நாற்றம் இருந்தது. சாக்கடை மூடியைத் திறந்து வைத்து, அதன் பக்கத்திலேயே பிளாஸ்டிக்கைக் கொளுத்தியது போல. புறங்கையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

“எவன்டா அது, கேக்காம கொள்ளாம பிளக்கைச் சொருகினவன்?” கடையின் பின்பக்கத்திலிருந்து அவள் கணவர் பாய்ந்து வந்தார்.

“எவன் இல்ல, எவர். நான்தான்,” என்றார் டிரைவர் அண்ணன். மேசைமேல் அவர் கொண்டுவந்து வைத்த தகரப் பெட்டியிலிருந்து இன்னமும் புகை வந்துகொண்டிருந்தது. “உங்க சரக்கு எப்படி வெடிக்குதுன்னு உங்க காதாலயே கேக்கணும்னுதான் தூக்கிட்டு வந்தேன். கேட்டாச்சா? இல்ல, இன்னொரு தடவை சொருகட்டுமா?”

அவர் ஓய்வு பெற்ற பஸ் டிரைவர். வாழ்நாள் முழுக்க ஹார்ன் சத்தம் கேட்டுக் காது புளித்துப்போய், இனியாவது நல்ல பாட்டாகக் கேட்கலாம் என்று சொந்தக் கையால் ஆம்ப்ளிஃபயர் கட்ட ஆரம்பித்தவர். ஊரே அவளை அக்கா என்று கூப்பிட, அவர் மட்டும் வயதுக்கு ஏற்றபடி ‘தங்கச்சி’ என்பார்.

வளையக்கா என்ற பெயர் அவளுக்கு வந்த கதை சின்னது. நீளமாக, குறுகலாக, ரயில் பெட்டி மாதிரி இருந்த அந்தக் கடையில் எலெக்ட்ரானிக்ஸ் பொருட்கள் எத்தனையோ இருந்தாலும், பெயர் வாங்கியது வளைய ட்ரான்ஸ்ஃபார்மர்தான். குட்டி டயரில் மஞ்சள் டேப் சுற்றியது போல இருக்கும். நடுவில் ஓட்டை. கையில் எடுத்தால் கல் மாதிரி கனம். மூடிப்போன ஒரு ரேடியோ தொழிற்சாலையின் கிடங்கிலிருந்து, ஒருமுறைகூடப் பயன்படுத்தாத பழைய சரக்காக அவற்றை மொத்தமாக எடுத்திருந்தார் அவள் கணவர். பழுப்பு அட்டைப்பெட்டி, அதன்மேல் தொழிற்சாலையின் நீல முத்திரை. இரைச்சல் இருக்காது, சூடேறாது. ப்ராஜெக்ட் செய்யும் மாணவர்களும் ஆம்ப்ளிஃபயர் பைத்தியங்களும் தேடி வந்தார்கள். வர முடியாதவர்கள் ஃபோனில் கேட்டார்கள். ஃபோனை எடுப்பது வளையக்கா.

“நம்பி வாங்கலாமாக்கா?”

“கை படாத சரக்குப்பா. கம்பெனியில பெட்டிக்குள்ள போனது, உங்க வீட்டுலதான் வெளிய வரும்.”

அந்த ஒரு வாக்கியத்தில்தான் கடை ஓடியது. கணவர் வாயைத் திறந்தால் வந்த வாடிக்கையாளரும் ஓடிவிடுவார். அவள் சொன்னால் ரசீதுகூட கேட்கமாட்டார்கள். வளையக்காவுக்கு அதில் பெருமை உண்டு. நகை நட்டு என்று அவளிடம் பெரிதாக எதுவும் கிடையாது. சொன்ன சொல்தான் சொத்து என்று நினைத்திருந்தாள்.

“போல்ட்டு தொட்டிருக்கும்,” என்றார் கணவர், பெட்டியைத் திறந்துகூடப் பார்க்காமல்.

இது அவருடைய நிரந்தரத் தீர்ப்பு. வளைய ட்ரான்ஸ்ஃபார்மரை அதன் நடு ஓட்டை வழியாக ஒரு நீள போல்ட் போட்டுத்தான் பெட்டியில் பூட்டுவார்கள். போல்ட்டின் அடி பெட்டியின் தரைத் தகட்டில் பிடிக்கும். தலை, மேல் மூடியைத் தொடவே கூடாது. தொட்டால் போல்ட்டும் பெட்டியும் சேர்ந்து ஒரு முழுச் சுற்றாகிவிடும். அதில் மின்சாரம் வெறி பிடித்து ஓடும். கொஞ்ச நேரத்தில் வளையம் கரியாகும். புதிதாகக் கட்டுகிற யாரும் ஒருமுறையாவது செய்கிற தப்பு இது. அதனால்தான் எரிந்த சரக்கைத் தூக்கிக்கொண்டு வருகிற எல்லோருக்கும் அவர் இதையே சொல்வார். கேட்டவர்களும் தலையைச் சொறிந்துகொண்டு போய்விடுவார்கள்.

“முதல் தடவை போல்ட்டுன்னீங்க. சரி, என் தப்புன்னு போனேன்,” என்றார் டிரைவர் அண்ணன். “ரெண்டாவது தடவையும் போல்ட்டுன்னீங்க. வீட்டுல மானம் கப்பலேறிப் போச்சு. ‘மலைப்பாதையில பஸ் ஓட்டின மனுஷனுக்கு ஒரு போல்ட்டு முடுக்கத் தெரியல’ன்னு என் சம்சாரம் தெருவுக்கே ஒலிபரப்பு பண்ணிட்டா. அவ குரலுக்கு ஆம்ப்ளிஃபயர்கூட வேணாம்.”

சர்க்யூட் போர்டு வாங்க வந்து நின்றிருந்த இரண்டு மாணவர்கள் சிரித்தார்கள்.

“மூணாவது தடவையும் அதேதான்,” என்றார் கணவர். “சிலருக்குக் கைப்பழக்கம் வராதுங்க. ஸ்டியரிங் பிடிச்ச கைக்கு ஸ்பேனர் சரிப்படாது. வேற பொழுதுபோக்கு பாருங்க. கோழி வளருங்க.”

வளையக்காவுக்கு முகம் சுண்டியது. மனிதனை மூன்றாம் முறையாக நாலு பேருக்கு முன்னால் வைத்து அவமானப்படுத்துவதைப் பார்க்க அவளுக்குக் கூசியது.

டிரைவர் அண்ணன் நிதானமாக மேல் மூடியைக் கழற்றினார். நடு போல்ட்டைத் திருகி எடுத்தார். மேசைமேல் அவர் உருட்டிவிட்ட போல்ட் வெள்ளையாக இருந்தது.

“பிளாஸ்டிக் போல்ட்டு,” என்றார். “சொல்லுங்க முதலாளி. இது எதைத் தொட்டா என்ன? இதுல கரண்ட் ஓடுமா?”

“பிளாஸ்டிக்குன்னா... சூட்டுல இளகியிருக்கும்.”

“இளகினா?”

“இளகினா... ஈரம் கசிஞ்சு...”

“பிளாஸ்டிக்ல இருந்து ஈரமா? ஏன், பால்கூடக் கறக்கலாமே!”

மாணவர்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். கணவர் எரிந்த வளையத்தைப் பிடுங்கிக் குப்பைக் கூடையில் எறிந்தார். “மெயின் சுவிட்சு ட்ரிப்பர் போச்சு. புதுசு வாங்கிட்டு வரேன்,” என்று செருப்பை மாட்டினார். போகிறபோக்கில் மனைவியின் காதருகே குனிந்தார். “வேற ஒண்ணு குடுத்து அந்த ஆளை அனுப்பிடு. உன் வாய்ச்சொல்லுக்குத்தான் ஆடுவான்.”

அவர் மூச்சுக்காற்று பட்ட காதைத் துடைத்துக்கொள்ளத் தோன்றியது அவளுக்கு.

“தங்கச்சி,” என்றார் டிரைவர் அண்ணன். “உன் வீட்டுக்காரர் பேச்சை நான் காதுல போட்டுக்கல. நீ சொல்லு. நீ சொன்னா, தப்பு என் கையிலதான்னு ஒத்துக்கிட்டு இதோட இந்த வேலைக்கே ஒரு கும்பிடு போட்டுடறேன். இது கை படாத சரக்குதானா?”

எப்போதும் தண்ணீர்போல வரும் வார்த்தை. இன்று அவள் கண் குப்பைக் கூடைக்குப் போனது.

“கொஞ்சம் உக்காருங்கண்ணே,” என்றாள். “பாத்துட்டுச் சொல்றேன்.”

குப்பைக் கூடையிலிருந்து வளையத்தை எடுத்தாள். சூடு தணியவில்லை. வாசல் பக்கம் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் வைத்து, கட்டர் கத்தியால் மேல் டேப்பைக் கீறி உரிக்க ஆரம்பித்தாள். புண்ணின் மேல் போட்ட கட்டைப் பிரிப்பது போல இருந்தது. ஒவ்வொரு சுற்றுக்கும் அந்தச் சாக்கடை வாடை கனத்தது.

நாலைந்து சுற்று பிரிந்ததும் அவள் கையை உதறினாள்.

கரப்பான்பூச்சி. டேப்புக்கு உள்ளே. இஸ்திரி போட்டதுபோல நசுங்கி, மீசை ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமுமாகப் பசையில் ஒட்டிக்கிடந்தது. டேப்பை இழுத்தபோது ஒரு கால் மட்டும் தனியே வந்து அவள் விரலில் ஒட்டியது. உதறினாள், போகவில்லை. மேசை விளிம்பில் தேய்த்தாள்.

“என்னக்கா, பெட்டிக்குள்ள இலவச இணைப்பா?” என்றான் மாணவர்களில் ஒருவன். யாரும் சிரிக்கவில்லை.

மீதியையும் உரித்தாள். உள்ளே இன்னொரு டேப் இருந்தது. பழையது, நிறம் செத்தது, மண் படிந்தது. அதன்மேல் நடு ஓட்டையைச் சுற்றி வட்டமாக ஒரு பள்ளம். இறுக்கிப் பூட்டிய வாஷர் வருஷக்கணக்கில் அழுத்தினால்தான் அப்படி விழும். பெட்டியிலேயே பூட்டாத சரக்குக்கு வாஷர் தழும்பு எங்கிருந்து வரும்? பிறக்காத பிள்ளைக்கு அம்மைத் தழும்பா?

பயன்படுத்திக் கழித்த வளையம். அதற்குப் புதுத் தோல் போர்த்தி, அவள் வாயால் விற்றிருக்கிறார்கள்.

அட்டைப்பெட்டி ஞாபகம் வந்தது. “பெட்டி வேணாம்னா இங்கயே விட்டுட்டுப் போங்க” என்று கணவர் ஒவ்வொருவரிடமும் கேட்டு வாங்கி வைப்பார். மிச்சம் பிடிக்கிற மனிதர் என்று அவள் நினைத்திருந்தாள். பெட்டி மட்டும்தான் கம்பெனி சரக்கு.

மேல் டேப்பின் கடைசி நுனி அவள் கையில் இருந்தது. அதாவது, சுற்ற ஆரம்பித்த முனை. அதைக் கீழே போடப்போனவள் நின்றாள். முனை சின்ன முக்கோணமாக மடிக்கப்பட்டிருந்தது.

டேப் சுருளை வைக்கும்போது நுனி தொலையாமலிருக்க எல்லோரும்தான் மடிப்பார்கள். வளையக்கா நேராக மடிப்பாள். கணவர் மடிக்கவே மாட்டார். பிறகு நகத்தால் சுரண்டிக்கொண்டே திட்டுவார். இப்படி அழகாக முக்கோணம் மடிப்பது அந்த வீட்டில் ஒரே ஆள்தான். பள்ளிக்கூடப் புத்தகங்களுக்கு அட்டை போட்ட நாளிலிருந்து அவளுக்கு அந்தப் பழக்கம்.

பாப்பா.

கல்லூரி முடித்த பெண்ணைப் பாப்பா என்று கூப்பிடுவது வீட்டுக்குள் மட்டும்தான். அந்தப் பாப்பா கொஞ்ச காலமாக அம்மாவிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. சேர்ந்து சாப்பிடுவதில்லை. வளையக்கா ஃபோனில் “கை படாத சரக்கு” என்று தொடங்கினால் போதும், தட்டோடு எழுந்து போய்விடுவாள். இன்று காலையில்கூட ஈரத் தலையோடு நின்றவளிடம், “இந்தாடி, டிரையர் போட்டுக்கோ, சளி பிடிக்கும்” என்று நீட்டியபோது, செத்த பல்லியை நீட்டியது போலப் பின்வாங்கினாள். “எனக்கு வேணாம். உனக்குத்தான் அது சரி.” வளையக்கா அதிலேயே தன் தலையை உலர்த்திக்கொண்டு கடைக்கு வந்தாள். என்ன குறை வைத்தோம் என்று பல நாள் யோசித்திருக்கிறாள். காதல் கீதல் ஏதாவது இருக்குமோ, வேலை கிடைக்காத கோபமோ என்று பார்த்தாள். மத்தியானம் கம்ப்யூட்டர் வகுப்பு என்று கிளம்பிப் போகிற பிள்ளையை எதற்குக் கிளற வேண்டும் என்று விட்டுவிட்டாள்.

கடையின் பின்னால், பின்சந்துக் கதவை ஒட்டி மாடிப்படி இருந்தது. மேலே இருப்பு அறை. “நீ ஏறாதே, ஒரே தூசி, உனக்கு இளைப்பு வந்துடும்” என்று கணவர் தடுத்துவைத்திருந்த படி. தன்மேல் உள்ள அக்கறை என்று அவள் அதையும் பெருமையாக அக்கம்பக்கத்தில் சொல்லியிருக்கிறாள்.

ஏறினாள். கதவு சும்மா சாத்தியிருந்தது.

தள்ளியதும் நாற்றம் முகத்தில் அறைந்தது. மண்ணெண்ணெயும் எலிப் புழுக்கையும் அழுகல் சேறும் கலந்த நாற்றம். சுவர் ஓரம் வயிறு கிழிந்த இயந்திரங்கள் அடுக்கியிருந்தன. எல்லாவற்றிலும் இடுப்பளவுக்கு ஒரே உயரத்தில் கறுப்புக் கோடு. தண்ணீர் நின்ற அடையாளம். தரையில் ஒரு வாளி, அதில் கலங்கிய திரவம், அதற்குள் வளையங்கள். பக்கத்தில் பல் துலக்கும் பிரஷ்கள். பச்சை நிறத்தில் ஒன்று, குளியலறையில் காணவில்லை என்று அவள் தேடிய பிரஷ். அப்பால், ஸ்டூலின்மேல், கழுவிய வளையத்தின் நடு ஓட்டைக்குள் மூக்கை நுழைத்தபடி கிடந்தது வீட்டு ஹேர் டிரையர்.

காலையில் அவள் தலையை உலர்த்திய அதே டிரையர்.

வளையக்காவின் கை தானாகத் தலைமுடிக்குப் போயிற்று. போன கை, தொடாமல் திரும்பியது.

ஜன்னல் வெளிச்சத்தில் முதுகைக் காட்டி உட்கார்ந்து, மடியில் வைத்த வளையத்துக்கு மஞ்சள் டேப் சுற்றிக்கொண்டிருந்த பெண் திரும்பாமலே பேசினாள்.

“அப்பா, கரண்ட் போயிடுச்சு. டிரையர் நின்னுருச்சு. இன்னைக்குக் காயாது.”

“பாப்பா.”

அவள் திரும்பினாள். திடுக்கிடவில்லை. உதட்டோரம் மட்டும் கோணிக்கொண்டது.

“ஓ, நீயா? இன்னைக்கு நேர்லயே மேற்பார்வையா?”

அந்தக் கேள்வியின் அர்த்தம் வளையக்காவுக்கு ஏறவில்லை.

“இதெல்லாம் எங்கேருந்துடி வந்தது?”

“உனக்குத் தெரியாதாக்கும்.”

“வாயைத் திறந்து சொல்லு!”

“வெள்ளத்துல முழுகின கட்டடத்தோட கீழ்த்தளம். சாக்கடை பொங்கி மாசக்கணக்கா நின்ன இடம். அங்க கிடந்த மெஷினுங்க,” என்றாள் பாப்பா, மனப்பாடம் ஒப்பிப்பது போல. “அப்பா அதுலேருந்து வளையத்தைக் கழட்டுவாரு. கழுவுவாரு. நான் காய வச்சு டேப் சுத்துவேன். என் கைக்குத்தான் மடிப்பு விழாம வருதாம். போதுமா?”

கீழே படிகளில் செருப்புச் சத்தம். கையில் புது ட்ரிப்பரோடு கணவர் மூச்சிரைக்க வந்து நின்றார். மனைவியைப் பார்த்தார், வாளியைப் பார்த்தார், மறுபடி மனைவியைப் பார்த்தார். ஒரு நொடி வெளிறிய முகம், அடுத்த நொடி வழக்கமான சிரிப்பைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டது.

“மேல வராதேன்னு சொன்னேன்ல? இளைப்பு வந்தா யாரு பாக்கறது?”

“இது என்ன?”

“என்னன்னா? செம்புக்கம்பி. செம்பு எங்க கிடந்தா என்ன, செம்புதானே? சேத்துல விழுந்த தங்கத்தை யாராவது வேணாம்பாங்களா? கம்பெனி சரக்கு எப்பவோ தீர்ந்துபோச்சு. தீர்ந்துபோச்சுன்னு போர்டு மாட்டச் சொல்றியா? நூறு பேர் வாங்கினா பத்துப் பேருக்கு எரியுது. அதுக்குத்தான் போல்ட்டு இருக்கே.”

“போல்ட்டு இருக்கே,” என்று திருப்பிச் சொன்னாள் வளையக்கா. கரப்பான்பூச்சியின் கால் இன்னமும் விரலில் ஒட்டியிருப்பது போலவே இருந்தது. “வளையம் எரிஞ்ச வீட்டுல யாராவது கையை வச்சிருந்தா?”

“வைக்கலையே! சும்மா கூத்து கட்டாதே. கீழ போய் உன் வேலையைப் பாரு. நீ சொல்ற ஒரு வார்த்தை போதும், அந்த டிரைவர் வாலாட்டிக்கிட்டுப் போயிடுவான்.”

இத்தனை வருஷமும் இந்த வாயோடுதான் ஒரே தட்டில் பேசிச் சிரித்துச் சாப்பிட்டோமா என்று அவருடைய வாயையே பார்த்தாள். ஓரத்தில் எச்சில் நுரைத்திருந்தது. வாளிக்குள் கையை விட்டு, கைக்கு வந்த வளையத்தைத் தூக்கினாள். கருநீர் முழங்கைவரை வழிந்தது. துடைக்காமல் படியிறங்கினாள்.

“ஏய்! அதை எங்க எடுத்துட்டுப் போறே?” கணவர் பின்னாலேயே இறங்கினார். அவருக்குப் பின்னால் பாப்பாவும்.

டிரைவர் அண்ணன் முக்காலியில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கும் பிள்ளைபோல உட்கார்ந்திருந்தார். மாணவர்கள் நகரவே இல்லை. வளையக்கா சொட்டச் சொட்ட அந்த வளையத்தை விற்பனை மேசையின் நடுவில் வைத்தாள். இரண்டு மாணவர்களும் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓரடி பின்னால் போனார்கள்.

“டிரைவர் அண்ணே, உங்க போல்ட்டுல தப்பே இல்ல,” என்றாள். “இந்தத் தடவையும் இல்ல, அதுக்கு முந்தியும் இருந்திருக்காது. இது கை படாத சரக்கு இல்ல. சாக்கடையில ஊறினதை எடுத்துக் கழுவி, டேப் சுத்தி, பழைய பெட்டியில போட்டு வித்த சரக்கு.”

“அடிப்பாவி!” கணவர் மேசையை அடித்தார். “பைத்தியம் பிடிச்சிருச்சா உனக்கு? உன் வாயாலயே கடையைக் கொளுத்தறியே!”

“என் வாயாலதானே வித்தீங்க? அதே வாயாலதான் திருப்பிச் சொல்லணும்.” மாணவர்கள் பக்கம் திரும்பினாள். “தம்பிங்களா, உங்க காலேஜ்ல எங்ககிட்ட வளையம் வாங்கினவங்க எல்லாருக்கும் சொல்லுங்க. யாரும் அதுல பிளக்கைச் சொருக வேணாம். நேரா இங்க கொண்டு வரட்டும். ஃபோன்ல வாங்கினவங்களை நானே ஒவ்வொருத்தரா கூப்பிடறேன்.” பிறகு டிரைவர் அண்ணன் பக்கம் திரும்பினாள். “அண்ணே, உங்க சம்சாரத்துக்கு ஃபோனைப் போடுங்க. அவங்ககிட்டயும் நானே சொல்லிடறேன்.”

டிரைவர் அண்ணன் மேசைமேல் கிடந்த வெள்ளை போல்ட்டை எடுத்துச் சட்டைப்பையில் பத்திரப்படுத்தினார். “ஸ்பீக்கர்ல போடறேன் தங்கச்சி. தெருவுக்கும் சேத்துக் கேக்கட்டும்.”

கணவர் எல்லோருடைய முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். ஒருவரும் அவர் பக்கம் திரும்பாததைக் கண்டு, புது ட்ரிப்பரைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே நின்றார்.

வளையக்கா கையை அலம்புவதற்காகப் பின்பக்கம் திரும்பினாள். கடைசிப் படியில் பாப்பா நின்றுகொண்டிருந்தாள். மஞ்சள் டேப் சுருள் அவள் கையிலிருந்து நழுவித் தரையில் உருண்டது. முகத்திலிருந்த ஏளனம் அடியோடு வடிந்துபோயிருந்தது. எத்தனையோ நாளுக்குப் பிறகு அவள் அம்மாவின் கண்ணை நேராகப் பார்த்தாள்.

“அம்மா... இதெல்லாம் உன்னோட யோசனைதான்னு அப்பா முதல் நாளே சொன்னாரே.”